ஓட்டுக் கேட்டு வருகிறவர் யார், என்ன செய்வதாகச் சொல்கிறார்? சட்டமன்றத் தேர்தல் கேள்வி பதில்

வாசலில் வந்து கும்பிடு போடுகிற வேட்பாளரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது சின்னமும் கட்சியும் சாதியும்தான். ஐந்து வருடத்துக்கு நம் சார்பில் கோட்டையில் உட்காரப் போகிறவரைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஏனென்றால் அவரைப் பற்றிய மற்ற விவரங்கள் எல்லாம் காசில்லாமல், அவரே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் கிடைக்கின்றன. நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாக எழுதியதில்லை, தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் எங்கே இருந்தாலும் பயன்படும்.

சட்டமன்றத் தேர்தலில் நிற்க என்ன தகுதி வேண்டும்?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி என்று எதுவும் கிடையாது. நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்றும் இல்லை, அதனால் "அவர் வெளியூர்க்காரர்" என்பது சட்டப்படி ஒரு குறை ஆகாது. 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவில்லை என்றால் அந்தப் பணம் போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒருவர் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்தால் ஒன்றை விட்டுவிடுவார், அங்கே இடைத்தேர்தல் நடத்த ஆகும் செலவு நம் வரிப்பணம்.

பின்னணியை எங்கே பார்ப்பது? பேஸ்புக்கில் வருவதை நம்பலாமா?

பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் விடுங்கள். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு, வருமானம் எல்லாம் அதில் இருக்கும். இது தானாக வந்த உரிமை இல்லை. வேட்பாளரின் பின்னணியைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. அதை மழுங்கடிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 2003-ல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் மாநிலம், தொகுதி தேர்ந்தெடுத்தால் பத்திரம் ஸ்கேன் செய்த படமாகவே கிடைக்கும். ஆணையத்தின் 'நோ யுவர் கேண்டிடேட்' செயலியிலும் பார்க்கலாம். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் நடத்தும் 'மைநேதா' தளத்தில் இதே விவரங்களைப் பிரித்து அட்டவணையாகப் போடுகிறார்கள். படிக்க அது சுலபம், ஆனால் சந்தேகம் வந்தால் மூலப் பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். இணையம் வேண்டாம் என்றால், தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருப்பார்கள்.

பக்கம் பக்கமாக இருக்கிறதே, எதை முதலில் படிப்பது?

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். பத்திரத்தின் 'பகுதி ஆ' என்பது சுருக்கம். மொத்தம் எத்தனை வழக்கு, அசையும் சொத்து எவ்வளவு, அசையாச் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் முன்பக்கம் வந்து பான் எண் அட்டவணையைப் பாருங்கள். வேட்பாளர், அவருடைய மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவரும் கடைசி ஐந்து ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் ஆண்டுவாரியாக இருக்கும். என் கணக்கில் மொத்தப் பத்திரத்திலும் மிக முக்கியமான இடம் இதுதான். ஒருவர் ஐந்து வருடமும் ஆண்டுக்கு நான்கைந்து லட்சம் காட்டியிருக்கிறார், அதே காலத்துக்குள் வாங்கியதாக 2 கோடி ரூபாய் இடம் ஒன்று அசையாச் சொத்துப் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே "ஊழல்" என்று கத்த வேண்டியதில்லை. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, பூர்வீக நிலத்தை விற்றிருக்கலாம், வங்கிக் கடன் வாங்கியிருக்கலாம். கடன் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் விளக்கம் இல்லை என்றால் அது வேட்பாளரிடம் நேராகவே கேட்க வேண்டிய கேள்வி.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தனி இடம் இருக்கிறது. வேட்பாளருக்கு மட்டும் இல்லை, மனைவி அல்லது கணவருக்கும் சார்ந்திருப்பவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசோடு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா, அவர் பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கு இருக்கிறதா என்ற வரிகளையும் தாண்டிப் போகாதீர்கள். தொகுதியில் ரோடு போடும் கான்ட்ராக்டரும் அதைத் தட்டிக் கேட்க வேண்டிய எம்.எல்.ஏ.வும் ஒரே குடும்பம் என்றால் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என் மேல் 15 வழக்கு இருக்கிறது, எல்லாம் மக்களுக்காகப் போராடியது" என்கிறாரே?

உண்மையாகவும் இருக்கலாம், எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிரிவு எண்களைப் பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143 சட்டவிரோதமாகக் கூடியது, 188 அரசு உத்தரவை மீறியது, 341 வழிமறித்தது. மறியல், ஆர்ப்பாட்டம், அனுமதியில்லாத ஊர்வலம் என்றால் போலீசார் வழக்கமாகப் போடுவது இவற்றைத்தான். தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர் மேலும் இதே பிரிவுகள்தான் பாயும். ஆனால் 302 கொலை, 307 கொலை முயற்சி, 420 மோசடி, 354 பெண்ணை மானபங்கப்படுத்தியது. இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் நின்று படிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் அதற்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு எண்கள் வேறு. கொலைக்கு 103, கொலை முயற்சிக்கு 109, மோசடிக்கு 318, சட்டவிரோதக் கூட்டத்துக்கு 189, உத்தரவை மீறியதற்கு 223 என்று வரும்.

அடுத்து, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? எப்.ஐ.ஆர். மட்டுமா, நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா என்று படிவத்திலேயே கேட்டிருப்பார்கள். குற்றச்சாட்டுப் பதிவானது என்றால் ஒரு நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். வழக்கு எண் கொடுத்திருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு அடுத்த வாய்தா என்றைக்கு என்பது வரை பார்த்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. வழக்கு உள்ள வேட்பாளரும் அவரை நிறுத்திய கட்சியும் அந்த விவரங்களைப் பிரச்சார காலத்தில் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கு இல்லாத ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி காரணம் எழுத வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணம் ஆகாது என்றது. உங்கள் தொகுதி வேட்பாளருக்குக் கட்சி எழுதிய காரணம் அதன் இணையதளத்தில் இருக்க வேண்டும். தேடிப் படியுங்கள், ஒரு கட்சி தன் வாக்காளரை எவ்வளவு மதிக்கிறது என்பது அந்த இரண்டு பத்தியில் தெரிந்துவிடும்.

வழக்கு இருந்தாலே நிற்க முடியாதபடி ஏன் தடுக்கவில்லை?

வழக்கு என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு இல்லை. எதிராளியை முடக்க நினைத்தால் தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு பொய் வழக்குப் போட்டால் போதும் என்று ஆகிவிடும். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தால்தான் தகுதி இழப்பு. தண்டனைக் காலமும் அதற்குப் பிறகு 6 ஆண்டும் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களில் தண்டனை குறைவாக இருந்தாலும் தகுதி போய்விடும். முன்பெல்லாம் பதவியில் இருப்பவர் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தப்பும், அந்தச் சலுகையை 2013-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டே, சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை வந்த அன்றே முதலமைச்சர் ஜெயலலிதா பதவி இழந்ததும், 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகு ஆர்.கே.நகரில் நின்று திரும்ப வந்ததும் இந்த விதியின்படிதான்.

சொத்து மதிப்பு என்று போட்டிருப்பது நம்பும்படியாக இருக்குமா?

நிலத்துக்குச் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய தோராய மதிப்பு, பூர்வீகமா சுயமாகச் சம்பாதித்ததா என்று எல்லாம் எழுத வேண்டும். 'இன்றைய மதிப்பு' என்ற இடத்தில் பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டு மதிப்பைப் போட்டுவிட்டால் தொகை குறைவாகத் தெரியும், உண்மையான சந்தை விலை பல இடங்களில் அதைவிட நிறைய அதிகம். சர்வே எண் கையில் இருந்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டு மதிப்பையும் வில்லங்கத்தையும் நீங்களே பார்க்கலாம்.

இதைவிடப் பலன் தருவது ஒப்பீடு. அவர் 2016-லோ 2021-லோ நின்றிருந்தால் அந்தப் பத்திரங்களும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தங்கம் விலையும் நிலத்தின் விலையும் ஏறுவதால் மொத்தத் தொகை கூடுவது இயல்பு, அதில் பெரிய விஷயம் இல்லை. புதிதாக எந்த இடம் சேர்ந்திருக்கிறது, யார் பெயரில், போன முறை இருந்த எது இந்த முறை காணாமல் போயிருக்கிறது, தனிநபரிடம் பெரிய கடன் இருந்தால் யாரிடம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

பொய்யாக எழுதினால் என்ன ஆகும்?

தெரிந்தே பொய் சொன்னாலும் மறைத்தாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இது போதாது என்பதே என் எண்ணம், வாக்காளரை ஏமாற்றுவது ஒரு தொகுதியையே ஏமாற்றுவது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். அலுவலர் சொல்லியும் நிரப்பவில்லை என்றால் வேட்புமனு தள்ளுபடி ஆகலாம்.

படிப்பு முக்கியமா?

எட்டாம் வகுப்புப் படித்த நல்ல சட்டமன்ற உறுப்பினரும் இருக்கலாம், முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஐந்து வருடம் வாய் திறக்காதவரும் இருக்கலாம். படிப்பைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறாரா என்பதைப் பாருங்கள், அது போதும்.

கட்சியின் கொள்கை முக்கியமா, வேட்பாளரின் சொந்தக் கருத்து முக்கியமா?

இரண்டும்தான், ஆனால் சபையில் ஓட்டெடுப்பு என்று வரும்போது கட்சிதான். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். தானாகக் கட்சியை விட்டதாகக் கருதப்பட்டாலும் அதே கதி. முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைச் சபாநாயகர் 2017-ல் தகுதிநீக்கம் செய்ததும், அந்தத் தொகுதிகளுக்கு 2019-ல் இடைத்தேர்தல் நடந்ததும் நினைவிருக்கும். அதனால் வேட்பாளர் "நான் தனிப்பட்ட முறையில் மதுக்கடைகளுக்கு எதிரானவன்" என்று சொன்னால், "உங்கள் கட்சி என்ன சொல்கிறது, கட்சிக்குள் இதுவரை இதைப் பற்றி எங்கே பேசினீர்கள்?" என்று கேளுங்கள்.

எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது?

இதைத் தெரிந்துகொண்டால்தான் வாக்குறுதியை எடை போட முடியும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் வீட்டு முன்னால் இருக்கிற சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஊராட்சிச் சாலையாக இருக்கலாம், நகராட்சிச் சாலையாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், தேசிய நெடுஞ்சாலையாகக் கூட இருக்கலாம். முதல் இரண்டுக்கும் உள்ளாட்சி, மூன்றாவதற்கு மாநில அரசு, நான்காவதற்கு ஒன்றிய அரசு. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று மட்டுமே ஒருவர் பிரச்சாரம் செய்தால் அவர் கவுன்சிலர் வேலைக்கு ஓட்டுக் கேட்கிறார். எம்.எல்.ஏ.வுக்கென்று தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. பள்ளிக்கு வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், குடிநீர்த் தொட்டி போன்ற வேலைகளுக்கு அது உதவும். ஐந்து வருடத்துக்கு 15 கோடி, அதை மொத்தத் தொகுதிக்கும் பிரிக்க வேண்டும். "என் நிதியிலிருந்து மருத்துவக் கல்லூரி கட்டுவேன்" என்று யாராவது சொன்னால் கணக்கு உதைக்கிறது.

அவருடைய உண்மையான வேலை சபையில். சட்டம் போடுவது, வரவுசெலவுத் திட்டத்தை ஒப்புக்கொள்வது, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை வரும்போது தொகுதிக்கு வேண்டியதைக் கேட்பது, கேள்வி நேரத்தில் அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது, கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவருவது, குழுக்களில் உட்கார்ந்து அரசின் கணக்கைச் சரிபார்ப்பது. காவல்துறை, பொதுச் சுகாதாரம், நிலம், விவசாயம், உள்ளாட்சி, மது எல்லாம் மாநிலம் சட்டம் போடுகிற மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைப் பற்றி வேட்பாளருக்குக் கருத்தே இல்லை என்றால் வேலையே தெரியாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நீட் தேர்வை ஒழிப்பேன் என்கிறாரே, அது எம்.எல்.ஏ. கையில் இருக்கிறதா?

பாதி. கல்வி 1976-ல், ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. ஒன்றியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் போட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள், கடைசியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்பது 2020-ல் இதே சட்டமன்றம் செய்த வேலை, அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். "ஒழிப்பேன்" என்கிறவரிடம் எந்த வழியில் என்று கேளுங்கள், அவர் சொல்லும் பதிலிலேயே விஷயம் தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

மாதம் இவ்வளவு பணம் என்று அறிவிக்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

உதவித்தொகையே தப்பு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் தன் பெயரில் வங்கியில் விழுவது என்றால் என்ன என்பது அது தேவைப்படுகிற பெண்ணுக்குத்தான் தெரியும். கணக்கு மட்டும் போட்டுவிடுங்கள். மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000. ஒரு கோடிப் பேருக்கு 12,000 கோடி ரூபாய், 1,500 என்றால் 18,000 கோடி. 2021 தேர்தலில் தி.மு.க. 1,000 என்றது, அ.தி.மு.க. 1,500 என்றது. ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு 2023 செப்டம்பர் 15-ல்தான் திட்டத்தை ஆரம்பித்தது. குடும்ப வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு என்று வரம்புகளும் வந்தன. எந்தக் கட்சி அறிவித்தாலும் யாருக்குக் கிடைக்கும், எந்த மாதத்திலிருந்து, எங்கிருந்து பணம் வரும் என்ற மூன்றையும் தேர்தலுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாக்குறுதிக்கு நிதி எப்படி வரும் என்று தேர்தல் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. அந்த விதி வரக் காரணமே தமிழ்நாட்டின் இலவச டி.வி., மிக்சி, கிரைண்டர் தொடர்பாகப் போன வழக்கில் 2013-ல் வந்த தீர்ப்புதான்.

ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் மறுபடி நிற்கிறார். அவரை எப்படி மதிப்பிடுவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஒரு மனுப் போடுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் ஐந்து வருடத்தில் எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு தொகை, முடிந்ததா என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தேர்தல் நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பட்டியல் வந்ததும் ஒரு சாயங்காலம் வண்டியில் போய் அந்த வேலைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தால் வேறு விமர்சனமே தேவைப்படாது. சபையில் என்ன பேசினார் என்பதற்கு அவைக் குறிப்புகள் இருக்கின்றன.

ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு பிடித்தவருக்குப் போட்டால் என்ன?

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடா காரணமாகவே 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று நம் மாநிலத்தில் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-லிருந்து 40 லட்சம் ரூபாய். உங்கள் தெருவில் மட்டும் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கூட்டித் தொகுதி முழுக்கப் பெருக்கிப் பாருங்கள், அந்தப் பணத்தை எங்கே எடுப்பார் என்ற கேள்விக்கு விடை நமக்கே தெரியும். ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு, பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

நேரில் வந்தால் என்ன கேட்கலாம்?

கூட்டமாக வரும்போது தாரை தப்பட்டையில் எதுவும் காதில் விழாது. வீதி வீதியாக நடந்து வரும்போதோ, குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், மகளிர் குழு கூட்டத்துக்கு வரும்போதோ கேளுங்கள். "சபையில் முதல் ஆண்டில் எந்தத் துறை மானியக் கோரிக்கையில் நம் தொகுதிக்கு என்ன கேட்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியே போதும். "அண்ணே, உங்கள் பத்திரத்தில் இந்த வழக்கு இருக்கிறதே, அது என்ன?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்லத்தான் செய்வார்கள். கூட வந்தவர்கள் முறைப்பார்கள், நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் முறைக்க மாட்டார்கள்.

ஜெயித்த பிறகு நாம் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?

முடிவு வந்த 30 நாளுக்குள் ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரும் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சரியான காரணம் இல்லாமல் கொடுக்காதவரை ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். அந்தக் கணக்கை 1 ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்க விதியில் இடம் இருக்கிறது. மேடை, வேன், பூத் ஏஜென்ட் சாப்பாடு என்று என்னென்ன எழுதியிருக்கிறார், நீங்கள் கண்ணால் பார்த்த எது அதில் இல்லை என்று ஒப்பிடலாம். பிரமாணப் பத்திரத்தில் பெரிய உண்மையை மறைத்தார் என்றோ முறைகேடு செய்து ஜெயித்தார் என்றோ ஆதாரம் இருந்தால், அந்தத் தொகுதியின் வாக்காளர் யாராக இருந்தாலும் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்யலாம். கெடு தாண்டிவிட்டால் மனுவை எடுக்க மாட்டார்கள், அதனால் பத்திரத்தை வாக்குப்பதிவுக்கு முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.